பழகிய நாய் கூண்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே, வெளியூர் போகிறவர்களின் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் சிறிய இடம் ஒன்றை நடத்துகிறேன். மொத்தம் எட்டுக் கூண்டுகள். ஓசூர் அடுக்குமாடியில் வளரும் லேப்ரடாரும் வரும், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தைக் காவல் காக்கும் நாட்டு நாயும் வரும். நாயை விட வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்விகளில் முக்கியமானது இது: "இத்தனை வருடம் சுத்தமாக இருந்தது, இப்போது கூண்டிலேயே ஈரம் செய்கிறது, என்ன செய்வது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் போகும்போது கையில் என்ன தகவலோடு போக வேண்டும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

வேண்டுமென்றே செய்கிறதா? நேற்றுத் திட்டியதற்குப் பழிவாங்குகிறதா?

இல்லை. தான் படுக்கும் இடத்தை நனைப்பது நாய்க்குப் பிடிக்காத காரியம். சின்னஞ்சிறு குட்டிகூட, நடக்கத் தெரிந்தவுடன் தாய் படுத்திருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் ஒன்றுக்குப் போகும். கூண்டுப் பழக்கம் என்பதே அந்த இயல்பின் மேல் கட்டியதுதான். அந்த இயல்பையும் மீறி ஈரம் செய்கிறது என்றால் அதனால் அடக்க முடியவில்லை, அல்லது வந்தது தெரியவில்லை, அல்லது பயத்தில் பிடி விட்டுப் போயிற்று. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டுக்குள் நாம் நுழைந்ததும் அது காதை மடக்கிக்கொண்டு தலையைக் குனிவதைக் குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறோம். நம் முகத்தைப் பார்த்துப் பயந்ததுதான் அது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. என் சொந்த நாய் செம்பி ஆறு வயதில் கூண்டை நனைக்கத் தொடங்கியபோது பத்து நாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கதை கீழே வரும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைப்பதற்கு முன் பாருங்கள். அரை நிமிடம் போதும்.

ஈரம் எங்கே இருக்கிறது? படுக்கையிலிருந்து தள்ளி, கூண்டின் ஒரு மூலையில் பெரிய குளமாக இருந்தால் நாய் விழித்திருந்து, அடக்கிப் பார்த்து, முடியாமல் போயிருக்கிறது. சிறுநீர் அளவுக்கு மேல் சேர்கிறது, அல்லது நீங்கள் அடைத்து வைக்கும் நேரம் அதிகம். படுத்திருந்த இடத்திலேயே ஈரமாகி, அடிவயிறும் தொடை உட்புறமும் நனைந்து, நாய் அதைப் பற்றி எதுவும் தெரியாததுபோல எழுந்து வந்தால் அது தூக்கத்தில் ஏற்படும் கசிவு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு சிறு சொட்டுகள் என்றால் சிறுநீர்ப் பை உறுத்துகிறது. பக்கவாட்டுக் கம்பியிலிருந்து கோடாக வழிந்திருந்தால் ஆண் நாய் காலைத் தூக்கி எல்லை குறித்திருக்கிறது. பக்கத்தில் எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருக்கலாம், புதிய நாய் குடிவந்திருக்கலாம். தட்டு இடம் மாறி, எச்சில் ஒழுகி, படுக்கை கிழிந்து, எல்லாம் சிதறிக் கிடந்தால் பயம்.

அடுத்து, எப்போது? பழைய கைபேசி ஒன்றைக் கூண்டுக்கு எதிரே சார்த்தி இரவு முழுவதும் படம் எடுக்க விடுங்கள். கதவைச் சாத்தி நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள் நடக்கிறதா, விடியற்காலை நான்கு மணிக்கா? முன்னது பெரும்பாலும் மனம் சம்பந்தப்பட்டது, பின்னது உடல் சம்பந்தப்பட்டது. படத்தில் நாய் எழுந்து கம்பியைச் சுரண்டி, முனகி, யாரும் வராமல் கடைசியில் மூலையில் குந்தியதைப் பார்த்தபோது ஓசூர்க்காரர் ஒருவர் என் முன்னாலேயே கண் கலங்கினார். ஒரு வாரமாக அதே நாயைப் பிரம்பால் தட்டியவர் அவர்.

மூன்றாவது, ஒரு பள்ளி நோட்டு. என்ன தின்றது, எவ்வளவு குடித்தது, எத்தனை முறை வெளியே போனது, எப்போது நனைந்தது. மூன்று நாள் எழுதினால் போதும். மருத்துவரின் கேள்விகளில் பாதிக்கு அந்த நோட்டே பதில் சொல்லிவிடும்.

தண்ணீரை எப்படி அளப்பது? எவ்வளவு குடித்தால் அதிகம்?

காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். தீரத் தீர அளந்தே ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். அந்த ஒரு நாள் மாட்டுத் தொட்டி, குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு எதையும் நாய் நெருங்கக் கூடாது. பலருடைய கணக்கு மாட்டுத் தொட்டியில்தான் தவறிப்போகிறது.

பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிக்கும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர். சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே 20 கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், அது வெயில் தாகம் இல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருப்பைச் சீழ், ஹார்மோன் கோளாறு என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும். எடை தெரியாதா? நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இரண்டு பேராகத் தூக்குங்கள்.

எதைப் பார்த்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காலைத் தூக்குகிறது அல்லது குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, அல்லது சொட்டு மட்டும் வருகிறது என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ஆண் நாயின் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்தால் இப்படித்தான் இருக்கும். பை நிரம்பி வழிவதால் கூண்டு ஈரமாகத் தெரியும், ஆனால் உள்ளே அடைப்பு இருக்கும். ஒரு நாள் தாமதமே உயிரை எடுத்துவிடும்.

சிறுநீர் பால் கலக்காத டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் உண்ணி வழியாக வரும் பபீசியா நோயாக இருக்கலாம். ரத்த அணுக்கள் உடைந்து அந்த நிறம் வருகிறது. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னங்கால் தள்ளாடுகிறது, கூடவே சிறுநீரும் தானாகப் போகிறது என்றால் முதுகுத் தண்டு. மாடியிலிருந்து குதித்த நாய்களிலும், நீள முதுகுடைய டாஷ்ஹண்டு வகையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வாந்தி, சோர்வு, தீனியைத் தொடாமை இவற்றில் ஏதாவது சேர்ந்தாலும் அன்றே போக வேண்டும்.

சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? எப்படி?

போனால் நல்லது. நீளக் கைப்பிடி உள்ள பழைய குழம்புக் கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நாய் தொடங்கியதும் முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் கரண்டியை நீட்டுங்கள். குந்துகிற பெட்டைக்குக் கரண்டி இடிக்கும். தட்டையான தட்டு ஒன்றைப் பின்னாலிருந்து நுழைத்தால் கவனிக்காது. முதல் நாள் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

காலையில் முதலில் போவதுதான் அடர்த்தியானது, அதுவே வேண்டும். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள், வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் மருத்துவர் வயிற்றின் வழியே ஊசியால் நேரடியாக எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், நாய்க்கு அவ்வளவு வலிப்பதில்லை.

மருந்துக் கடையில் மனிதர்களுக்காக விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகளில் சர்க்கரை, ரத்தம் தெரிந்துவிடும். ஆனால் அதிலுள்ள வெள்ளணுக் கட்டமும் அடர்த்திக் கட்டமும் நாய்க்குச் சரியாகக் காட்டாது. அவற்றை வைத்துக்கொண்டு நீங்களாக முடிவுக்கு வர வேண்டாம்.

நீர்க்கடுப்பு என்று சொன்னார்கள். போர்வெல் தண்ணீர்தான் காரணமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போடுவதில் ஆச்சரியமில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடி, பல்லில் பழுப்புக் கறை படிந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். கூண்டு ஈரமாவதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

நீர்க்கடுப்புக்குக் காரணம் கிருமி. பெட்டை நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதற்கு அதிகம் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குந்தும், கொஞ்சமாகப் போகும், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், நாற்றம் மாறும், சில நேரம் ரத்தம் கலந்திருக்கும். ஆண் நாய்க்கு வந்தால் அதன் பின்னால் வேறு ஏதாவது, பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பி, இருக்கிறதா என்று தேடுவார்கள்.

கல்லுக்கும் கிருமிக்கும் உறவு உண்டு. நாய்களில் ஸ்ட்ருவைட் எனப்படும் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றால்தான் உருவாகிறது. தொற்றை ஒழித்து, உணவை மாற்றினால் கரையவும் செய்யும். ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். டால்மேஷியன் வகைக்கு யூரிக் அமிலக் கல் வருவது அதன் பரம்பரைக் கோளாறு. எந்தக் கல் என்று தெரியாமல் வாழைத்தண்டுச் சாறு ஊற்றுவதால் பயனில்லை. பாவம், அந்தச் சாற்றை நாயும் குடிக்காது.

மருந்துக் கடையில் நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதும், இரண்டு நாளில் சரியானதும் நிறுத்துவதும் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது போலத்தான். சொன்ன நாள் வரை கொடுங்கள். வலிக்கு மனிதர்களின் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். பின்னது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கருத்தடை செய்த பெட்டை. பகலில் ஒரு குறையும் இல்லை. தூங்கி எழுந்தால் மட்டும் படுக்கை ஈரம். ஏன்?

செம்பியின் கதை இதுதான். நாட்டு நாய்க்கும் லேப்ரடாருக்கும் பிறந்தவள், 24 கிலோ. இரண்டு வயதில் கருத்தடை செய்தோம். ஆறாம் வயதில் ஒரு நாள் காலை கூண்டுத் துணியில் உள்ளங்கை அளவு ஈரம். அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டு அளவு. எட்டுக் கூண்டுகளைக் கவனிக்கிறவனின் சொந்த நாயே இப்படி என்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எரிச்சலில் திட்டினேன். துணியை எடுத்துவிட்டு வெறும் தகரத் தட்டில் படுக்கவைத்தேன். அதிலும் ஈரம். பத்தாம் நாள் பிற்பகல், வெளித் திண்ணையில் என் காலடியில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவளின் அடியிலிருந்து மெல்ல ஒரு கோடு ஓடி வந்தது. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிடுவதால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. சிறுநீர்க் குழாயை மூடி வைக்கும் தசை தளர்கிறது. விழித்திருக்கும்போது சமாளித்துக்கொள்ளும், ஆழ்ந்து தூங்கும்போது கசிந்துவிடும். அறுவை முடிந்து சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு வாய்ப்பு அதிகம், உடல் பருத்திருந்தால் இன்னும் தொல்லை. தசையை இறுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, பெரும்பாலான நாய்களுக்குக் கேட்கும். நீர்க்கடுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் சிறுநீரைச் சோதித்துவிட்டுத்தான் தருவார்கள். செம்பிக்குச் சோதனையில் தொற்று இல்லை. மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் காய்ந்த படுக்கை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கருத்தடையே வேண்டாம்" என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

கருத்தடை செய்யாத பெட்டை. போன மாதம்தான் பருவத்துக்கு வந்தது. இப்போது குடம் குடமாகக் குடிக்கிறது.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் ஒன்று உண்டு. தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, சில நேரம் பின்புறம் சீழ்போல வடிதல். வடியாமல் உள்ளேயே தேங்குவது இன்னும் ஆபத்து. அறுவை செய்து கருப்பையை எடுப்பதுதான் வழி. "கூண்டை நனைக்கிறது, பழக்கம் கெட்டுவிட்டது" என்று சொல்லி இரண்டு வாரம் என்னிடம் விட்டுப் போக வந்த காவேரிப்பட்டணத்துக் குடும்பத்தை நான் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினேன். அப்போது கோபித்துக்கொண்டார்கள். அன்று மாலையே அறுவை நடந்தது.

அரிப்புக்கு ஊசி போட்டார்கள். அதிலிருந்துதான் இப்படி ஆகிறது.

இருக்கலாம். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தாகத்தையும் பசியையும் சிறுநீரையும் சேர்த்தே கூட்டும். இதய நோய்க்குத் தரும் ஃபுரோசமைடு நீரை இறக்குவதற்கென்றே உள்ள மருந்து. வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டாலும் தாகத்தைக் கூட்டும். மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவது ஆபத்து, ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் குறிப்பாக. மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து முடியும் வரை நள்ளிரவில் ஒரு முறை எழுந்து வெளியே விடுங்கள். அவ்வளவுதான்.

நாய்க்குப் பதினொரு வயது. வயதானால் இப்படித்தானே?

வயது ஒரு நோய் இல்லை, ஆனால் நோய்களை அழைத்து வரும். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு வேலையை இழந்த பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போகிறது. அப்போதுதான் வெளுத்த சிறுநீர் நிறையப் போகும். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது அதற்கும் பிறகு. அதாவது கூண்டு ஈரமாவது, ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் வரும் செய்தியாக இருக்கக்கூடும். நிறையத் தின்றும் இளைத்தால் சர்க்கரை நோய். வயிறு தொங்கி, முடி மெலிந்து, மூச்சு வாங்கினால் குஷிங் எனப்படும் ஹார்மோன் கோளாறு.

மூட்டு வலியை மறந்துவிடுகிறார்கள். ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிக் குளிரில் கிழட்டு நாய்க்குக் கூண்டிலிருந்து எழுந்து நிற்பதே பெரும் பாடு. போக வேண்டும் என்று தோன்றியும் எழ முடியாமல் போய்விடும். கூண்டுக்கு அடியில் தடித்த சணல் சாக்கு, வழுக்காத தரை, வாசலில் படி இருந்தால் ஒரு சாய்வுப் பலகை, இவையே பாதி மருந்து. இரவில் விழித்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, தெரிந்த கதவின் கீல் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்பது போன்றவை மூளை மூப்பின் அடையாளங்கள். அந்த நாயைக் கூண்டில் அடைப்பதையே நிறுத்திவிட்டு, ஓர் அறையைக் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன்?

இப்போது வீட்டைச் சோதிக்க வேண்டும். நான் முதலில் கேட்பது இரவுச் சாப்பாடு. நம் பக்கத்தில் நாய்க்கும் ராகிதான். மாசியில் களி உருண்டை தின்ற நாய்க்கு, சித்திரை வந்ததும் வீட்டோடு சேர்ந்து கூழும் மோரும் கிடைக்கிறது, அதுவும் இரவு ஒன்பது மணிக்கு. களியிலும் கூழிலும் ஒரே ராகி இருக்கலாம், தண்ணீர் பல மடங்கு. பத்து மணிக்குக் கூண்டில் அடைத்தால் மூன்று மணிக்கு அது என்ன செய்யும்? கூழை மதியத்துக்கு மாற்றுங்கள். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள், கெட்டியாக. பெண்ணாகரம் பக்கத்து நாய் ஒன்று இந்த ஒரே மாற்றத்தில் சரியானது. அதற்கு முன் அதன் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார்கள்.

அடுத்தது கருவாடு. சந்தை நாளன்று வாங்கிய கருவாட்டுக் குழம்பின் மிச்சம் நாய்க்கு. அவ்வளவு உப்பு, அதற்குத் தக்க தாகம், அதற்குத் தக்க ஈரம். வாரத்தில் ஒரே கிழமை மட்டும் கூண்டு நனைந்தால் அந்தக் கிழமை என்ன சமைக்கிறீர்கள் என்று பாருங்கள். மாம்பழக் காலத்தில் தோப்பில் உதிர்ந்ததைத் தின்று திரியும் நாய்களும் அப்படித்தான். கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய கவலை.

பிறகு நேரம். பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்களா? காலை ஆறரைக்கு ரயிலைப் பிடித்து இரவு ஒன்பதுக்குத் திரும்பினால் நாய் பதினாலரை மணி நேரம் அடக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய்க்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் நியாயம். மதியம் ஒரு முறை கதவைத் திறந்துவிட ஆள் தேடுங்கள், இல்லாவிட்டால் பகலில் கூண்டு வேண்டாம்.

கடைசியாக, பயம். பொங்கலுக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா. தாரை தப்பட்டை, வெடி, கூட்டத்தின் கூச்சல். தீபாவளி, திருவிழா, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றிலும் வெடி. கூண்டுக்குள் இருக்கும்போது ஒரு சரவெடி பக்கத்தில் வெடித்தால், அந்தக் கூண்டே பயத்தின் இடமாகிவிடும். விழா முடிந்து வாரங்கள் ஆனாலும் கதவைச் சாத்தியதும் மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், நனையும். மலையோர ஊர்களில் இன்னொன்று உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிறுத்தை நாயைத் தூக்கிப் போவதால்தான் இரும்புக் கூண்டு செய்து வெளியே வைக்கிறார்கள். இரவில் அந்த வாசனை காற்றில் வந்தால் கம்பிக்குள் இருக்கும் நாயின் நிலையை நினைத்துப் பாருங்கள், ஓடவும் வழியில்லை. கூண்டைத் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் நகர்த்தியதுமே நின்ற கதைகள் எனக்கு மூன்று தெரியும்.

இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

காரணம் தெரியும் வரை கூடாது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கும் சர்க்கரை நோய் நாய்க்கும் குடிப்பதுதான் உயிர்ப்பிடிப்பு. தண்ணீரை நிறுத்தினால் கூண்டு காயும், நாயும் காய்ந்துவிடும். ஆரோக்கியமான நாய் என்று உறுதியானால், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்து, படுக்கும் முன் கடைசியாக ஒரு முறை வெளியே விடலாம். கோடையில் அதையும் செய்ய வேண்டாம்.

கூண்டு பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். மிகப் பெரிதானால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை என்று நாய் பிரித்துக்கொள்ளும். குட்டிக்கு வாங்கிய கூண்டில் வளர்ந்த நாய் கூனிக் கிடப்பதும் உண்டு, அது வேறு கொடுமை. மெத்தை விஷயத்தில், தடித்த பஞ்சு எல்லா ஈரத்தையும் உறிஞ்சி நாய்க்குத் தொல்லையே தெரியாமல் செய்துவிடும். சிக்கல் தீரும் வரை பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள், தினமும் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

எப்படிக் கழுவினால் நாற்றம் போகும்?

நமக்குப் போய்விட்டதாகத் தெரிவது நாயின் மூக்குக்குப் போயிருக்காது. வாசம் மிச்சமிருந்தால் அதுவே "இங்கே போகலாம்" என்று எழுதி வைத்த பலகை. முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு நிறையத் தண்ணீர், பிறகு துவைக்கும் தூள், மறுபடி தண்ணீர். செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் சிறுநீரின் மிச்சத்தையே உடைக்கும். ஊற்றித் துடைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். அது இல்லாதபோது வினிகரும் தண்ணீரும் சம அளவு.

பிளீச்சிங் பவுடரை ஈரச் சிறுநீர் மேல் கொட்டாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். அம்மோனியா உள்ள சுத்திகரிப்பான்கள் சிறுநீர் வாசத்தையே நினைவூட்டும். ஃபினாயில் போட்டால் நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகே நாயை விடுங்கள். காலில் ஒட்டியதை அது நக்கத்தான் செய்யும். பலகைத் தரை உள்ள கூண்டானால் பலகையை மாற்றுங்கள், ஊறிய மரத்தை எந்தத் திரவமும் காப்பாற்றாது.

ஈரத்தில் மூக்கைத் தேய்த்தால் திருந்தும் என்கிறார்களே?

திருந்தாது. உங்களைக் கண்டால் பயப்படக் கற்றுக்கொள்ளும், பயத்தில் மேலும் நனைக்கும். கூண்டைத் திறக்கக் குனியும்போதே சில நாய்கள் ஒன்றுக்கு விட்டுவிடும். அப்படியானால் பக்கவாட்டில் உட்கார்ந்து, பார்வையை விலக்கிக்கொண்டு திறங்கள்.

மறுபடி பழக்குவது எப்படி?

குட்டியாக இருந்தபோது செய்ததையே, வேகமாக. முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே, இரவில் அலாரம் வைத்து ஒரு முறை. படத்தில் நான்கு மணிக்கு நனைத்தது என்றால் மூன்றரைக்கு எழுங்கள். காய்ந்த இரவுகள் நாலைந்து வந்ததும் கால் மணி நேரம் தள்ளுங்கள். அடைக்கும் முன் கயிற்றில் பிடித்து நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்றால் அது தெருவை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும். வெளியே போனவுடன், அந்த இடத்திலேயே, ஒரு துண்டு பொரிகடலை உருண்டையோ அவித்த முட்டையோ கொடுங்கள். பயத்தால் நனைக்கும் நாய்க்கு இது போதாது. கூண்டுக் கதவைச் சாத்தாமல் உள்ளே சோறு வைப்பதிலிருந்து தொடங்கி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வாரக் கணக்கில் போக வேண்டும். பல்லால் கம்பியை வளைக்கிற, நகம் பிய்த்துக்கொள்கிற நாயைக் கூண்டில் வைப்பதே தவறு.

டயப்பர் கட்டலாமா?

கசிவுக்கு, மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை, கட்டலாம். அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரத்தோடு கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஈரம் ஒற்றி உலரவிடுங்கள்.

அந்தச் சிறுநீரால் நமக்கு ஏதாவது வருமா?

லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக் காய்ச்சல் வரலாம். எலி நனைத்த தண்ணீரிலிருந்து நாய்க்கு, நாயின் சிறுநீரிலிருந்து நமக்கு, கைக் காயம் வழியாகவோ கண், வாய் வழியாகவோ. நாய்க்குச் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கும், தாகமும் சிறுநீரும் கூடுவது அதன் அறிகுறிகளில் ஒன்று. காரணம் தெரியும் வரை ரப்பர் கையுறை போட்டே கழுவுங்கள், குழந்தைகளை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். வருடாந்திரத் தடுப்பூசியில் இது சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனை. ஸ்கேன், கிருமி வளர்ப்பு என்று மேலே போக வேண்டுமானால் தருமபுரிக்காரர்கள் சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூர் ஹெப்பாளிலுள்ள கால்நடைக் கல்லூரிக்கும் போவது வழக்கம். நாயோடு நோட்டையும், டப்பாவில் காலைச் சிறுநீரையும், கைபேசியில் அந்த இரவுப் படத்தையும் கொண்டு போங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

நீர்க்கடுப்பு என்றால் மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாளில் குறையும். சாப்பாட்டு நேரம்தான் காரணம் என்றால் அன்றிரவே தெரியும். பயம் மாதக் கணக்கு. செம்பி போன்றவர்களுக்கு மாத்திரை ஆயுளுக்கும். போன ஆனியில் ஊருக்குப் போன அவசரத்தில் மூன்று நாள் மாத்திரை தவறிவிட்டது. திரும்பி வந்தபோது கூண்டுத் துணி நனைந்திருந்தது. அவள் வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள். துணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன்.